நாரைக் கத்தரி

எங்கள் ஆவரங்குளத்தில் கத்தரிக்கோல் பறந்துபோன வருஷம் எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பலசரக்குக் கடைக்காரர் மகள் அபிஷாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் என்பார்கள், மேலமடை உடைந்து மண் கொட்டி அடைத்த வருஷம் என்பார்கள், சுயம்புக்கனியும் அவள் நாத்தனார் சந்தனமாரியும் பேச்சை விட்ட வருஷம் என்பார்கள்; கத்தரிக்கோல் எப்படிப் பறக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்கிறவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொண்டு, உட்காரச் சொல்லி, முதலில் ஒரு வாய் காப்பி கொடுப்பார்கள்.

திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரிப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. தை பிறக்கும்போது குளம் தளும்பி நிற்கும், எங்கிருந்தோ நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும், குளத்துக்குள் நிற்கிற கருவேலமரங்கள் போதாமல் தெருவுக்குள் நுழைந்து வேம்பிலும் புளியிலும் வாகையிலும் கூடு கட்டும், பிறகு ஆடி மாதம் வரை எங்களால் வற்றல் காயப்போட முடியாது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மரத்தடியில் நிற்க முடியாது, ஊர் முழுக்க மீன்வாடை அடிக்கும், ஆனாலும் ஒருவரும் ஒரு கல்லை எடுத்து எறிந்ததில்லை, ஏனென்றால் அவை பிள்ளை பெறத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிற பெண்கள். குஞ்சுகள் பறக்கிற வரை ஊரில் வெடி கிடையாது. கோயில் கொடைக்கு மேளம் உண்டு, ஒலிபெருக்கி கிடையாது. கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழுந்தால் கண்டவர் எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பத் தரையில் வைக்கக் கூடாது, எந்த வீட்டில் வளருமோ அந்த வீட்டுக்காரர் கையில்தான் கொடுக்க வேண்டும். தரையில் வைத்தால் பூனை பார்த்துவிடும் என்று காரணம் சொல்வோம். பூனையே இல்லாத வருஷத்திலும் அப்படித்தான் செய்தோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது உங்கள் வீட்டிலும் இருக்கும். கத்தரிக்கோலைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க வேண்டும், அவர் கை முழுசாக விலகிய பிறகு மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றுகிறவர்கள், வீடு தவறாமல் இலை வெட்டுகிற பீடிக் கத்தரி இருக்கும், ஆகவே நாள் முழுக்க ஊரில் கத்தரிகளைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாகத்தான் இருக்கும். அப்படி இருந்தும் எங்கள் ஊரில் சண்டைக்குக் குறைச்சல் இல்லை என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

சுயம்புக்கனிக்கும் சந்தனமாரிக்கும் எதிரெதிர் வீடு. சுயம்புவின் வீட்டுக்காரர் தவசிமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சந்தனமாரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பெண்களும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியவர்கள்தான். தூள் நெடியில் இருமி இருமி, ஒரு நாள் நாங்குநேரியில் ஆரி வேலை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சேர்ந்தே போய்ப் படித்து, சேர்ந்தே ஒரு ஸ்டாண்டு வாங்கி, சுயம்புவின் முன்னறையில் போட்டு, கல்யாண ஜாக்கெட்டுகளுக்குப் பூவேலை செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்டாண்டு என்றால் துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிற மரச்சட்டம். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து, கொக்கி ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், ஜாக்கெட்டு முடிகிறபோது கதையும் முடிந்திருக்கும். நூல் வெட்டுவதற்கு ஆளுக்கொரு பழைய பீடிக் கத்தரி. இன்னொரு ஸ்டாண்டு வாங்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து தூக்குச்சட்டியில் பணம் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் பணத்தில்தான் சுயம்பு கத்தரிக்கோல் வாங்கினாள்.

மாசி மாதம், ஜரிகை வாங்கவும் ஸ்டாண்டு விலை கேட்கவும் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனவள், கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பொன்னிற நாரை. நீண்ட அலகுதான் வெட்டுகிற வாய், மார்பிலும் முதுகிலும் இறகு செதுக்கியிருந்தது, கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நுழைக்க இரண்டு வளையங்கள். கடைக்காரர் ஒரு கந்தல் துணியில் நூலை ஓட்டி, முடிச்சை ஒட்டி அந்த அலகை நுழைத்து வெட்டிக் காட்டினார். முடிச்சு அப்படியே இருந்தது, நூல் நுனி மட்டும் காணாமல் போனது. சுயம்பு வாழ்க்கையில் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு வாங்கியவள் இல்லை. ஸ்டாண்டை மறந்துவிட்டாள்.

“என்ன மைனி இது?” என்றாள் சந்தனமாரி.

“பூவேலைக்குன்னே உள்ள கத்திரி. நுனியைப் பாரு, எம்புட்டு மெலிசு.”

“அப்ப ஸ்டாண்டு?”

“அடுத்த வருஷம் வாங்கிக்கிடலாம்ட்டி.”

“யாரு சொன்னது?”

சுயம்பு பொறுமையாக விளக்கினாள். நாம் போடுவது சங்கிலித் தையல், ஒரு கண்ணி தப்பாக அறுந்தால் வரிசை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும், பீடிக் கத்தரிக்கு மூக்கு தடிமன், அது நூலை வெட்டும்போதே பக்கத்துத் துணியையும் சேர்த்துக் கடிக்கும், இது அப்படி இல்லை என்றாள். எல்லாம் உண்மைதான்.

“இத்தனை நாளும் நூலு அறுபடலையா? இல்ல, என்னையப் பொன்னால வெட்டுன்னு அழுததா?” என்றாள் சந்தனமாரி. “கத்திரி நல்லாருக்கா நல்லால்லையான்னு நான் பேசல மைனி. ரெண்டு பேரு துட்டு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?”

கேட்டிருக்கலாம் என்று சுயம்புவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்ததை உடனே சொல்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. “ஒரு தரம் வெட்டித்தான் பாரேன்” என்றாள். “நான் அதைத் தொட மாட்டேன்” என்றாள் சந்தனமாரி.

அன்றைக்கு நின்றது பேச்சு. வேலை நிற்கவில்லை. ஒரே ஸ்டாண்டில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, பச்சை நூலை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்று சந்தனமாரி தவசிமணியிடம் சொல்வாள், அவர் ஆட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் சுவரிடம் சொல்வாள், சுயம்பு பச்சை நூலைத் தள்ளிவிட்டுச் சுவரிடமே பதில் சொல்வாள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. வேலைக்கு ஏற்ற கத்தரி வேண்டும், துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டினால் என் உயிரே போகும் என்றார் டெய்லர். வெட்டினால் கத்தரி, இதில் பொன்னென்ன இரும்பென்ன என்றார்கள் பீடிக்காரப் பெண்கள். பூவேலையின் அழகை ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் பார்க்கிறவர்கள் விவரம் இல்லாதவர்கள், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சுயம்பு இருந்த பக்கத்தில் பின்புறமும் முன்புறம் போலச் சுத்தமாக இருந்தது, சந்தனமாரியின் பக்கத்தில் பிசிறு தெரிந்தது. சந்தனமாரிக்கும் அது தெரிந்தது, தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

ஆனி மாதம் அபிஷாவின் கல்யாண ஜாக்கெட்டு வந்தது, ஆவணியில் முதல் முகூர்த்தம். அதுவரை அவர்கள் செய்ததிலேயே பெரிய வேலை. கைப்பகுதியில் வலைத்துணியின் மேல் பட்டுத்துணியை வைத்து, இலை இலையாகச் சுற்றித் தைத்து, கடைசியில் ஒவ்வொரு இலைக்குள்ளும் இருக்கிற பட்டுத்துணியை மட்டும் வெட்டியெடுத்து வலையை விட்டுவிட வேண்டும். பட்டுக்கும் வலைக்கும் நடுவில் கத்தரி நுனி போக வேண்டும், கொஞ்சம் பிசகினால் வலை கிழிந்து ஜாக்கெட்டே வீண். இது நல்லபடி முடியவில்லை என்றால் திரும்பப் பீடி சுற்றப் போய்விடுவேன் என்று சந்தனமாரி சுவரிடம் சொல்லியிருந்தாள். சுயம்பு அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆடி பிறந்தது. குஞ்சுகளுக்கு இறகு முற்றி, நாரைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு காலையில் கடைசிக் கூட்டம் குளத்துக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, சந்தனமாரியின் பீடிக் கத்தரி ஒரு கண்ணியைத் தப்பாகக் கடித்தது, கண்முன்னால் ஒரு கொடி மொத்தமும் உருவிக்கொண்டு வந்தது. அவள் உருவிய நூலை விரலில் சுற்றி எடுத்தாள். பிறகு தலை நிமிராமல், சுவரைப் பார்க்காமல், சொன்னாள்.

“மைனி, அந்தக் கத்திரியைத் தாங்க.”

சுயம்புவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்தரியை எடுத்து அவள் கைக்கு நீட்டியேவிட்டாள். நீட்டிய பிறகுதான் நினைப்பு வந்தது, கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், அதிலும் இவளிடம், அதிலும் இன்றைக்கு. கையைப் பின்னுக்கு இழுத்து, கத்தரியைப் பக்கத்து ஜன்னல் திண்டில் வைத்தாள். சந்தனமாரியும் முறை தெரிந்தவள், மைனியின் கை முழுசாக விலகட்டும் என்று காத்திருந்தாள். இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்த அந்த இடைவெளியில், வெளியே கடைசி நாரைக்கூட்டம் வடக்கே திரும்ப, ஜன்னலில் இருந்த கத்தரி கழுத்தை நிமிர்த்தி, வளையங்கள் இரண்டையும் விரித்து எழும்பிப் போயிற்று. வளையங்கள் விரியும்போது அலகு திறந்தது, வளையங்கள் சேரும்போது அலகு மூடியது, அப்படி வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே கூட்டத்தின் வாலில் போய்ச் சேர்ந்துகொண்டது.

“கையில குடுத்திருந்தா போயிருக்குமா மைனி?” என்றாள் சந்தனமாரி.

“கையில குடுத்தா சண்டை வருமேட்டி.”

“இப்ப மட்டும் என்ன, கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?”

குளத்தங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கரையேறி வந்து, சுயம்புவின் வீட்டுக்குள் நுழைந்து, துக்கம் விசாரிப்பதா வாழ்த்துச் சொல்வதா என்று தெரியாமல் பொதுவாக உட்கார்ந்து எழுந்தார்கள். வனத்துறைக் காவலர் ஜெயசிங்கிடம் சிலர் போய்க் கேட்டார்கள், அவர் தொப்பியைக் கழற்றி யோசித்துவிட்டு, “எங்க சட்டம் இரும்புக்குக் கெடையாது. ஆனா ரெக்கையை விரிச்சுட்டுன்னா அது எங்காளு. யாரும் பிடிக்கப்பிடாது” என்று சொல்லிவிட்டார். அதோடு அது நாரை என்பது முடிவாயிற்று. ஊரில் மற்றவர்கள் தங்கள் தங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டார்கள். முடிவெட்டுகிற கடையில் கத்தரிகளைக் கயிறு போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் கட்டினார்கள். பலசரக்குக் கடைக்காரர் பாக்கெட்டு வெட்டுகிற கத்தரியை டப்பாவில் போட்டு மூடி, மூடிமேல் எடைக்கல்லை வைத்தார். பீடிக் கத்தரிகளுக்குப் பறக்கிற எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஆடி முடிகிற வரை ஜன்னல்களை அடைத்தே வைத்திருந்தார்கள், வேர்த்துக் கொட்டியது.

தவசிமணி விடவில்லை. ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் கடைக்கே போனார். கடைக்காரர் கொஞ்சமும் பதறவில்லை.

“எந்த ஊர்னு சொன்னிய?”

“ஆவரங்குளம்.”

“கொளத்தங்கரை ஊரா? வாங்கும்போதே சொல்லியிருந்தா நாரை மாடலைக் குடுத்திருக்க மாட்டேனே அண்ணாச்சி. ஒங்க பக்கத்துக்கு மயில் மாடல்தான் சரி. மயில் அடுத்த தோப்பைத் தாண்டாது.”

“காரண்டி?”

“துருப்பிடிச்சா மாத்தித் தருவோம். ஊருக்குப் போனா அது தன்னால வரும்.”

அது தன்னால் வருவதற்குத் தை மாதம் ஆகும், அபிஷாவின் கல்யாணமோ ஆவணியில். ஜாக்கெட்டின் கைகளில் இலைகள் எல்லாம் வெட்டப்படாமல் மூடிக் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நகம் வெட்டுகிற கத்தரி, மீசைக் கத்தரி, ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கிற கத்தரி, எதுவும் பட்டுக்கும் வலைக்கும் நடுவில் போகவில்லை. கடைசியில் சந்தனமாரி தன் பீடிக் கத்தரியைத் தவசிமணியிடம் கொடுத்து (கீழே வைத்துத்தான்), நுனி ஊசியாகிற வரை சாணைக்கல்லில் தீட்டிக் கொண்டுவரச் சொன்னாள். பிறகு இருவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். சுயம்பு கொக்கி ஊசியின் நுனியால் பட்டுத்துணியை ஒரு மயிரிழை தூக்கிப் பிடிக்க, சந்தனமாரி மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இடைவெளியில் வெட்டினாள். தூக்குவதும் வெட்டுவதுமாக, ஒருத்தி நெற்றி இன்னொருத்தி நெற்றியில் முட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இலை இலையாக. இடது கையில் ஒரே ஓர் இடத்தில் வலை கிழிந்துவிட்டது. சுயம்பு அதன் மேல் ஒரு சின்ன நாரையைத் தைத்து மூடினாள்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அபிஷாவின் இடது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, இந்த நாரைதான் இதில் உயிர் என்றார்கள். கிழிசலுக்கு அப்படி ஒரு யோகம்.

மறுநாள் சந்தனமாரி வந்தாள். பீடிக் கத்தரியின் தடித்த வளையத்தில் நாள்கணக்காக விரலை அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் வீங்கிப்போயிருந்தது.

“பாத்தியளா மைனி. பீடிக் கத்திரியே போதும்.”

“போதும்தான்” என்றாள் சுயம்பு.

“அப்ப அந்தத் துட்டு வீண்தான?”

சுயம்பு தரையில் கிடந்த பட்டுத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். தன் பக்கம் நியாயம் என்று நிரூபித்த பிறகும் சந்தனமாரியின் மனம் ஆறவில்லை, நிரூபிப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லாததால் அவளுக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை. “நான் பீடி இலை வெட்டவே போறேன். அங்க யாரும் என்னையக் கேக்காம எதுவும் வாங்க மாட்டாக” என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டில் தன் பக்கத்தில் கிடந்த ஊசிகளை எடுத்துச் சுயம்புவின் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நாரை வைத்த ஜாக்கெட்டுதான் வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆள்கள் வந்தார்கள். சுயம்பு தனியாக உட்கார்ந்து தைத்தாள். அந்தப் பக்கம் தைக்க வேண்டியிருந்தால் எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்காருவாள், அப்போது எதிரே காலியாகத் தெரிகிற இடம் தன்னுடையது என்பது அவளுக்கு வேடிக்கையாகவும் கஷ்டமாகவும் இருக்கும். கத்தரி போனதற்கு அவள் ஒரு நாள்கூட அழவில்லை. சந்தனமாரி போனதற்கு அழுதாள், வெங்காயம் உரிக்கிற நேரமாகப் பார்த்து அழுதாள். எதிர்வீட்டு வாசலில் முறத்தில் இலை வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தை வந்தது, குளம் நிறைந்தது, நாரைகள் வந்தன. கத்தரியும் வந்தது. வெயில் பட்டுப் பொன்னிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, ஒரு வளையத்தில் மீன்செதில் ஒட்டியிருந்தது, கூடவே ஒரு ஜோடி. ஜோடி என்றால் நிஜ நாரை, நல்ல உயரம், அமைதியான சுபாவம், மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. சுயம்பு வீட்டு வேம்பில், சந்தனமாரி வீட்டுப் பக்கமாக நீண்டிருந்த கிளையில், அவை கூடு கட்டின. மாப்பிள்ளை சுள்ளி கொண்டுவந்தது, கத்தரி சுயம்புவின் குப்பைக்கூடையிலிருந்து ஜரிகைத் துண்டுகளைக் கொத்திக்கொண்டு போய் உள்ளே மெத்தை போட்டது. வெயில் சாய்கிற நேரத்தில் அந்தக் கூட்டைப் பார்க்க வேண்டும், அப்படி மின்னும்.

பிறந்த வீட்டுக்குப் பிள்ளை பெற வந்தவளுக்கு வளைகாப்பு நடத்தாமல் விடுவதா என்று பெண்கள் கூடினார்கள். வளையம் ஏற்கெனவே இருக்கிறதே என்று ஒருத்தி சொன்னாள், அது கல்யாண வளையல், இது வேறு என்று இன்னொருத்தி சொன்னாள், கடைசியில் கண்ணாடி வளையல்களைக் கிளையில் மாட்டி, புளியோதரையும் தேங்காய்ச்சோறும் கிண்டி, வேம்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சந்தனமாரி வரவில்லை. எலுமிச்சஞ்சோறு மட்டும் கொடுத்தனுப்பினாள், அதில் வேர்க்கடலை தாராளமாக இருந்தது. சுயம்பு அதைத்தான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

கத்தரி முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தது. வெளியூரிலிருந்து ஜாக்கெட்டு கொடுக்க வந்தவர்கள், நாரைக் கத்தரியால்தான் வெட்டுவீர்களாமே என்று ஆசையாகக் கேட்பார்கள், சுயம்பு மரத்தைக் காட்டுவாள். அடைகாக்கிறவளை வேலைக்குக் கூப்பிட முடியுமா? ஆறு மாதம் ஊரில் இல்லை, ஆறு மாதம் பிள்ளைப்பேறு. இப்படி ஒரு கத்தரியை ஆசைப்பட்டு வாங்கியவளை நினைத்து ஊரே சிரித்தது, சுயம்புவும் சேர்ந்து சிரித்தாள். மரத்தின் மேல் அது நன்றாக இருப்பதைப் பார்க்க அவளுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

பங்குனியில் இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. அலகு அப்போது குருத்தோலை மாதிரி வெளுத்து வளைந்து கிடக்கும், வெயிலில் நாளுக்கு நாள் முறுகி, பிறகுதான் உலோகம் ஏறும். அப்பன் மீன் கொண்டுவரும், அம்மாக்காரி நூல் துணுக்கு கொண்டுவரும், குஞ்சுகள் இரண்டையும் தின்றன. சித்திரையில் ஒரு மாலை, கோடைமழைக்கு முந்திய காற்று வேம்பைப் பிடித்து உலுக்கியதில், ஒரு குஞ்சு கீழே விழுந்தது.

சுயம்பு ஓடிப்போய் எடுத்தாள். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது, பஞ்சு மாதிரி இறகுக்கு நடுவில் சின்னதாக இரண்டு வளையங்கள், அலகைத் திறந்து திறந்து மூடியது. திரும்பக் கூட்டில் வைத்தால் தாய் ஏற்காது என்பார்கள். தரையில் வைக்கக் கூடாது. எந்த வீடு என்று அவள் யோசிக்கவே இல்லை, தெருவைக் கடந்து நடந்தாள்.

சந்தனமாரி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மழை வருவதற்குள் துணி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் துணியை மறந்துவிட்டு நின்றார்கள். குஞ்சைக் கீழே வைக்கக் கூடாது, கத்தரியைக் கையில் கொடுக்கக் கூடாது, இது இரண்டுமாக இருக்கிறதே, இவள் என்ன செய்யப்போகிறாள் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

“ஏட்டி, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் சுயம்பு.

“கேளுங்க.”

“இதை நாம ரெண்டு பேருமா வளப்பமா? வேண்டாம்னாலும் சொல்லு. வேற வீடு பாக்கேன்.”

சந்தனமாரி குஞ்சைப் பார்க்கவில்லை, மைனியின் முகத்தைப் பார்த்தாள். “கேக்கியளா, சொல்லுதியளா?”

“கேக்கேன்ட்டி. அன்னைக்கே கேட்டிருக்கணும். தப்புதான்.”

சந்தனமாரி முறத்தை ஓரமாகத் தள்ளினாள். விரலில் இருந்த புகையிலைத் தூளைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

“கத்திரி ஆச்சேட்டி. கையில குடுத்தா சண்டை வரும்” என்றாள் சுயம்பு.

“வந்தா வரட்டும் மைனி. குடுங்க.”

சுயம்பு கொடுத்தாள். ஒரு கை விலகுவதற்கு முன்னால் இன்னொரு கை வாங்கிக்கொண்டது, கொஞ்ச நேரம் நாலு கைகளுக்குள்ளும் அது இருந்தது. பிறகு மழை வந்தது, எல்லோருடைய துணியும் நனைந்தது.

சண்டை அன்றைக்கே வந்துவிட்டது. குஞ்சுக்கு முதலில் பட்டுநூல் கொடுப்பதா பருத்திநூல் கொடுப்பதா என்பதில் ஆரம்பித்தது, அதற்கு நெய்லான் கொடுத்து வயிற்றைக் கெடுத்தது யார் என்று போனது, இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது, எதிரெதிரே உட்கார்ந்து, ஊசி குத்திக்கொண்டே, சுவரை நடுவில் கூப்பிடாமல். கையில் வளர்ந்ததால் அந்தக் குஞ்சுக்கு ஊரைவிட்டுப் போகிற எண்ணமே வரவில்லை. அதன் வளையம் சந்தனமாரியின் வீங்கிய கட்டைவிரலுக்கு வலிக்காமல் பொருந்துகிறது. ஸ்டாண்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அது கைக்குக் கைதான் போகும், ஆடி மாதம் அதன் தாய் கிளம்புகிற அன்று மட்டும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்க்கும். இரண்டாவது ஸ்டாண்டும் வாங்கிவிட்டார்கள், ஆனால் அதில் போய் உட்கார இரண்டு பேருக்குமே மனசில்லை, அதன் மேல் துணி காயப்போட்டிருக்கிறார்கள்.

ஆரி வேலை படிக்கிற பெண்கள் இப்போதும் பஸ் ஏறி வந்து கேட்கிறார்கள், பூவேலைக்கென்று தனியாக விற்கிற கத்தரி வாங்கலாமா, அந்த விலைக்குத் தகுமா என்று. சுயம்பு நுனியைப் பற்றிச் சொல்வாள், சங்கிலித் தையலைப் பற்றிச் சொல்வாள், உங்கள் ஊரில் குளம் இருக்கிறதா என்று விசாரிப்பாள். அவள் சொல்லி முடிக்கிற வரை சந்தனமாரி நூலை வெட்டிக்கொண்டே இருப்பாள்.

“வாங்கலாம்” என்பாள் கடைசியில். “கூட வேலை பாக்கவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.”